மணிப்பூர் மலையில் ரோஜாவின் மூதாதை

புது தில்லி: குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டம் ஆண்டுதோறும் பொதுமக்களுக்குத் திறக்கப்படும்போது, கூட்டம் அதிகம் நின்று பார்ப்பது ரோஜாப் பாத்திகளைத்தான். முகலாயத் தோட்டம் என்ற பெயர் 2023-இல் அம்ருத் உத்யான் என மாற்றப்பட்டது. ரோஜாக்களின் வம்சாவளியை அப்படி எளிதில் மாற்ற இயலாது. அது ஐரோப்பாவில் தொடங்கவில்லை. தென்மேற்குச் சீனத்திலும் மணிப்பூர் மலைகளிலும் அதற்கு வேர் உண்டு.

மணிப்பூர் - பர்மா எல்லையை வரையறுக்கச் சென்ற குழுவில் இருந்த மருத்துவரும் தாவரவியலாளருமான ஜார்ஜ் வாட், 1882-இல் அம்மலைகளில் மரங்களின் மீதேறிப் படர்ந்திருந்த ஒரு ரோஜாக் கொடியைக் கண்டார். உள்ளங்கை அகலத்துக்கு விரியும் வெண்மஞ்சள் பூ. பின்னர் 'ரோசா ஜைஜான்டியா' எனப் பெயர் பெற்ற இக் காட்டு ரோஜாவும், சீனத்து ரோஜாவும் கலந்து பிறந்தவையே தேயிலை ரோஜாக்கள். சீனத் தோட்டக்காரர்கள் நெடுங்காலம் வளர்த்த இக் கலப்பினங்கள் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவை அடைந்தன. 2018-இல் வெளியான ரோஜா மரபணுத் தொகுப்பு ஆய்வும் இவ்வுறவை உறுதி செய்தது.

காட்டு ரோஜாக்கள் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறையே பூக்கும். பூப்பதைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவுக்குள் அன்னிய மரபணுத் துண்டு ஒன்று தற்செயலாக நுழைந்ததால் சீனத்து ரோஜா இடைவிடாமல் பூக்கத் தொடங்கியது. இன்றைய பூ வணிகமே அந்த ஒரு விபத்தின் மீதுதான் நிற்கிறது.

சிக்கலும் இங்கேதான். உலகில் ஏறத்தாழ 150 ரோஜா இனங்கள் இருக்க, தோட்ட ரோஜாவின் உருவாக்கத்தில் பங்கு பெற்றவை பத்து அளவிலேயே இருக்கும். அவற்றிலும் பெரும்பாலானவை குளிர்நாடுகளுக்கு உரியவை. எனவே நம் வெயிலும் மழை ஈரமும் அவற்றின் வாரிசுகளுக்கு ஒவ்வுவதில்லை. வங்காளம், பிகார் ஆற்றங்கரைகளில், நீர் தேங்கும் தாழ்நிலத்திலும் வளரும் 'ரோசா கிளைனோஃபில்லா' இக்குறையைத் தீர்க்கக்கூடியது. ஆனால் அதற்கு 14 குரோமோசோம்கள். பெரும்பாலான தோட்ட ரோஜாக்களுக்கு 28. இரண்டையும் கலந்தால் 21 குரோமோசோம்களுடன், பெரும்பாலும் விதை பிடிக்காத செடியே கிடைக்கும். அதைத் தாண்டப் பல தலைமுறைக் கலப்பும் பல ஆண்டுப் பொறுமையும் தேவை.

அந்தப் பொறுமையைக் காட்டியவர் அரசு நிறுவன விஞ்ஞானி அல்லர். இந்திய ஆட்சிப் பணியை விட்டுவிட்டுக் கொடைக்கானலில் குடியேறிய வீரராகவன். இவ்விரு காட்டு இனங்களையும் கொண்டு அவர் புதிய ரோஜாக்களை உருவாக்கினார். அவற்றில் ஒன்றுக்குத் தாவர மரபியலாளர் ஜானகி அம்மாளின் பெயரைச் சூட்டினார். பொருத்தமான பெயர்தான். கரும்பைக் காட்டு நாணலுடன் கலந்து வட இந்தியாவுக்கு ஏற்ற ரகங்களைத் தந்த கோவை கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பணியாற்றியவர் ஜானகி அம்மாள்.

தலைநகரின் பூசா வளாகத்தில் உள்ள தேசிய தாவர மரபணு வள நிறுவனத்தில் உணவுப் பயிர்களுக்கே முதலிடம். அது நியாயமே. ஆனால் கலப்பினப்பெருக்கத்துக்கு உதவும் அழகுப் பயிர்களின் காட்டு உறவுகளைக் காப்பது யார் பொறுப்பு? மரபணு வளம் அந்தந்த நாட்டின் இறையாண்மைக்கு உட்பட்டது என்ற பன்னாட்டு உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது 1993-இல். இந்தியாவின் பல்லுயிர்ச் சட்டம் 2002-இல். ஜைஜான்டியா அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே ஐரோப்பியத் தோட்டங்களுக்குப் போய்விட்டது. இன்று அயல்நாட்டு நிறுவனங்களின் புதிய ரோஜா ரகங்களுக்கு உரிமைத்தொகை செலுத்தும் இந்திய விவசாயி, அந்தப் பழைய கணக்கில் எதையும் கேட்க முடியாது.

உக்ருல் அருகேயுள்ள சிருய் மலையின் லில்லி, மணிப்பூரின் மாநில மலர். 2023-இல் வெடித்த வன்முறையால் நின்றுபோன சிருய் லில்லி விழா, 2025 மே மாதம் மீண்டும் நடந்தது. ரோசா ஜைஜான்டியாவும் அதே மலையில்தான் படர்கிறது. ஏறிப் படர அதற்கு மரங்கள் வேண்டும்.