கேலரி சீட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது? மேட்ச் பார்க்கப் போகும் முன் இதைப் படிங்க!

கேலரியில் இடம் பிடித்ததும் நாம் செய்யும் முதல் வேலை, கர்ச்சீப்பால் சீட்டை இரண்டு தட்டு தட்டுவது. இல்லையென்றால் பழைய பேப்பரை விரித்து அதன்மேல் உட்காருவது. மேட்ச் முடிந்ததும் அந்தப் பேப்பர், கடலைத் தோல், டீ கப், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் அங்கேயே போட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். யாராவது கூட்டிக்கொள்வார்கள் என்ற நம்பிக்கைதான்.

சரி, யாரும் கூட்டாமல் விட்டால் என்ன ஆகும்?

திருச்சி, ஸ்ரீரங்கம் குடும்பங்களுக்கு இது தூரத்து விஷயம் இல்லை. காஜாமலை அண்ணா விளையாட்டரங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பொறுப்பில் இருக்கும் மைதானம் இது. டோக்கியோ ஒலிம்பிக் வரை போன ஆரோக்கிய ராஜீவ், சுபா வெங்கடேசன் இருவரும் திருச்சி மாவட்டத்துக்காரர்கள். அவர்களைப் போல் ஓடவேண்டும் என்ற கனவோடு பிள்ளைகள் டிராக்கில் இறங்கும்போது, கேலரியில் உட்கார்ந்து கைதட்டுவது அம்மா, அப்பா, தாத்தா, பாட்டிகள்தான். அந்தப் படிக்கட்டு எப்படி இருக்கிறது என்பது நம் வீட்டுக் கவலையும்கூட.

4 நிமிடத்தில் எரிந்த கேலரி

1985 மே 11. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் கால்பந்துப் போட்டி நடந்துகொண்டிருந்தது. 1908-ல் கட்டிய மர கேலரி. பலகைகளுக்கு நடுவே இருந்த இடைவெளி வழியாக, பல வருடங்களாகக் குப்பை கீழே விழுந்து சேர்ந்திருந்தது. அணையாத ஒரு நெருப்புத் துண்டு அதே இடைவெளியில் விழுந்ததுதான் காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. சுமார் 4 நிமிடங்களுக்குள் கேலரி முழுக்கத் தீ. 56 பேர் இறந்துபோனார்கள்.

பிறகு அந்தக் குப்பையைக் கிளறியபோது 1968-ம் வருடத்து நாளிதழ் ஒன்று கிடைத்தது. அதாவது, சீட்டுக்குக் கீழே 17 வருடமாக யாரும் முழுமையாகச் சுத்தம் செய்யவில்லை. குப்பை சேர்வது ஆபத்து என்று அந்த கிளப்புக்கு முன்பே எழுத்தில் எச்சரிக்கையும் போயிருந்தது.

கூட்டம் கூடும் இடத்தில் தீ எவ்வளவு வேகமாகப் பரவும் என்று ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். 2004 ஜனவரி 23-ம் தேதி அங்கே ஒரு திருமண மண்டபத்தின் கூரைப் பந்தலில் பிடித்த தீ, மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்தது. எளிதில் பற்றும் பொருள், நெருக்கமான கூட்டம் இரண்டும் சேரும் இடத்தில் தப்பிக்கக் கிடைப்பது சில நிமிடங்கள்தான்.

நம் ஊர் கேலரிகள் பெரும்பாலும் கான்கிரீட். ஆனால், ஜல்லிக்கட்டுக்குப் பேர்போன திருச்சி சூரியூர் போன்ற ஊர்களில் பார்வையாளர்களுக்குத் தற்காலிக கேலரி கட்டுவது வழக்கம். அதன் உறுதியைப் பொதுப்பணித்துறை பார்த்துச் சான்று தரவேண்டும் என்பது விதி. கட்டை, கயிறு உறுதியாக இருந்தால் மட்டும் போதாது. கேலரிக்கு அடியில் வைக்கோலும் பேப்பரும் சேராமல் பார்ப்பதும், பீடி, சிகரெட்டைத் தள்ளி வைப்பதும் அதே அளவு முக்கியம்.

வெயில், மழை, புறா

சும்மா கிடந்தாலும் சீட் கெடும். வெயிலின் புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கை மெல்ல மெல்ல உடைக்கும். முதலில் நிறம் மங்கும். பிறகு, தொட்டால் கையில் மாவு போல ஒட்டும். கடைசியில் உட்காரும்போதே விரிசல் விடும். 2023 ஐ.பி.எல். சீசனுக்கு முன் சேப்பாக்கத்தில் சீட்டுகளைப் புதுப்பிக்கும் வேலையில் தோனியே கைவைத்த வீடியோ ஞாபகம் இருக்கிறதா? சீட்டுக்குப் பளபளப்பைத் திரும்பக் கொண்டுவரலாம். விரிசல் விட்டிருந்தால் மாற்றித்தான் ஆகவேண்டும்.

மழை வந்தால் வேறு தொல்லை. நிழல் விழும் படிகளில் பாசி பிடிக்கும். வயதானவர்கள் வழுக்கி விழுவது அங்கேதான். சீட்டை இறுக்கும் போல்ட் துருப்பிடிக்கும். வீசிவிட்டுப் போன கப்பில் தேங்கும் தண்ணீரில், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு ஒரு வாரம் பத்து நாளில் முட்டையிலிருந்து கொசுவாகிவிடும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஓரத்தில் ஒட்டிய முட்டை காய்ந்தாலும் பல மாதம் உயிரோடு இருக்கும் என்பதால், தேய்த்துக் கழுவ வேண்டும்.

கூரை உள்ள கேலரி என்றால் புறா எச்சம். அதைக் காய்ந்தபடியே கூட்டினால் தூசியாகப் பறக்கும். அதிலுள்ள பூஞ்சை நுரையீரலைப் பாதிக்கக்கூடும்.

சுத்தம் செய்யும் முறை

* முதலில் கையுறை, மாஸ்க். சுத்தம் செய்பவரின் உடம்பு முக்கியம்.

* முதலில் பாட்டில், பேப்பரைப் பொறுக்க வேண்டும். அதன் பிறகே தண்ணீர். முதலிலேயே தண்ணீர் ஊற்றினால் பேப்பர் ஊறி ஒட்டிக்கொள்ளும், வடிகால் அடைக்கும்.

* மேல் வரிசையில் ஆரம்பித்துக் கீழே வரவேண்டும். அழுக்குத் தண்ணீர் கீழ்நோக்கித்தானே ஓடும்!

* புறா எச்சத்தை முதலில் நனைத்து, ஊறவிட்டு, பிறகு வழிக்க வேண்டும்.

* பிளாஸ்டிக் சீட்டுக்கு சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும். கம்பி நார் கீறிவிடும். அந்தக் கீறலில் அழுக்கு இன்னும் சுலபமாகத் தங்கும்.

* பிளீச்சிங் பவுடர் இரும்பை அரிக்கும். போட்டால் நன்றாக அலசிவிட வேண்டும்.

* கழுவும்போதே ஆடும் சீட், துருப்பிடித்த போல்ட், உடைந்த படியைக் குறித்துக்கொண்டால் பழுது பார்ப்பது சுலபம்.

நம் பங்கு என்ன?

2022 கத்தார் உலகக்கோப்பையில், தங்கள் அணி ஆடாத முதல் மேட்ச்சிலேயே ஜப்பான் ரசிகர்கள் குப்பை பொறுக்கியதை உலகமே பார்த்தது. 1998-ல் தங்கள் நாடு முதன்முதலாக உலகக்கோப்பைக்கு வந்ததிலிருந்தே அவர்களுக்கு அது பழக்கம். 2018-ல் பெல்ஜியத்திடம் கடைசி நிமிடத்தில் தோற்ற அன்றும், கண்ணீரோடு குப்பைப் பையை நிரப்பினார்கள்.

நமக்கும் சுத்தம் புதிதில்லை. ஸ்ரீரங்கம் சித்திரை வீதியிலும் உத்திர வீதியிலும் விடிவதற்குள் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிடுகிறோம். பொது இடத்து சீட் என்றால் மட்டும் மனசு மாறிவிடுகிறது.

இனி மைதானத்துக்குக் கிளம்பும்போது தண்ணீரை வீட்டு பாட்டிலில் எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பூசிய கப், தண்ணீர் பாக்கெட்டுக்கெல்லாம் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை இருக்கிறது. ஒரு துணிப்பையும் கூடவே இருக்கட்டும். கடலைத் தோலும் பேப்பரும் அதில் போகட்டும். ஆடும் சீட்டைப் பார்த்தால் அடுத்த சீட்டுக்கு நகர்வதோடு நிறுத்தாமல், மைதான அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

மேட்ச் முடிந்து எழுந்ததும், குட்டீஸையும் கூட்டிக்கொண்டு சீட்டுக்குக் கீழே ஒருமுறை குனிந்து பாருங்கள். 30 செகண்டுக்கு மேல் ஆகாது!