அனிமே: எதை முதலிற் பார்ப்பது?



“நானும் அனிமே பார்க்க விரும்புகிறேன், எதிலிருந்து தொடங்கலாம்?” என்று ஒரு மாணவர் மற்றொரு மாணவரைக் கேட்பது இன்று பள்ளியிலும் கல்லூரியிலும் வழக்கமாகிவிட்டது. விடையும் உடனே கிடைத்துவிடுகிறது. கேட்கப்பட்டவர் தமக்கு மிகவும் பிடித்த தொடரின் பெயரைச் சொல்லிவிடுகிறார். கேட்டவர் அதில் இரண்டு பகுதிகள் பார்க்கிறார். ஒன்றும் விளங்கவில்லை, அல்லது அருவருப்புத் தோன்றுகிறது, அல்லது முடிவே காணாத கதையோ என்ற மலைப்பு உண்டாகிறது. “இஃது எனக்கு ஏற்றதன்று” என்று ஒதுக்கிவிடுகிறார். பொருந்தாத ஒரு தொடரைக் கையிற் கொடுத்ததனால், ஒரு நாட்டின் கலை முழுவதும் அவருக்கு அடைபட்டுப் போகிறது. ஆகவே, சிறியதாகத் தோன்றும் இவ்வினாவைச் சிறிது பொறுமையோடு ஆராய்வது தகும்.

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்த விதிகளுள் ஒன்று, அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்ல வேண்டும் என்பது. பின்னக் கணக்குக் கற்பிக்கப் புகும் ஆசிரியர், ஒரு பழத்தை நால்வருக்குப் பங்கிடுவதிலிருந்து தொடங்குவார். தொகுதி, பகுதி என்னும் சொற்கள் பிறகுதான் வரும். அனிமேக்குப் புதியவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். மொழி புதிது. ஏப்ரல் மாதத்தில், செர்ரி மலர் உதிரும் காலத்தில், பள்ளி ஆண்டு தொடங்குவது புதிது. முகங்களை வரையும் முறை புதிது. வாயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே செல்வது ஒன்றுதான் நமக்குப் பழகியது! இத்தனை புதுமைகளோடு கதைப்பொருளும் புதியதாகிவிட்டால், மனக்கொடி பற்றிப் படரக் கொழுகொம்பு ஏது? எனவே, “சிறந்த அனிமே எது?” என்று தொடங்குவது சரியன்று. “இதுவரை நீங்கள் படித்தவற்றுள், பார்த்தவற்றுள் எத்தகைய கதை உங்களைக் கட்டி இழுத்தது?” என்று கேட்பதே முறை. சங்கப் பாட்டைச் சுவைக்க வருபவருக்குப் பதிற்றுப்பத்தை முதலில் எடுத்துக் கொடுப்பார் உண்டோ? குறுந்தொகையில் ஒரு சிறு பாட்டைத்தானே காட்டுவோம்? பதிற்றுப்பத்து எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. அதற்குரிய வேளை வேறு, அவ்வளவே.

அனிமே என்பது ‘அனிமேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லை ஜப்பானியர் சுருக்கி வழங்கிய சொல். நாம் அதனை ஜப்பானில் உருவான வரைபடச் சித்திரங்களுக்கு மட்டும் வழங்குகிறோம். அது கதைவகை ஒன்றின் பெயரன்று என்பதை நன்கு மனங்கொள்ள வேண்டும். துப்பறியும் கதை, விளையாட்டுக் கதை, குடும்பக் கதை, விண்வெளிக் கதை, பேய்க் கதை ஆகிய அனைத்தும் அதில் உண்டு. “எனக்கு அனிமே பிடிக்காது” என்று ஒருவர் சொல்வது, “எனக்கு நாவல் பிடிக்காது” என்று ஒரே ஒரு நாவலைப் படித்துவிட்டுச் சொல்வதை ஒக்கும். படமாக வரைந்தவை யாவும் குழந்தைகளுக்கே என்ற எண்ணமும் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. நம் வீட்டுச் சிறுவர்கள் விரும்பிப் பார்க்கும் ஷின்சான் என்னும் குறும்புக்காரன், 1990-இல் வளர்ந்தவர்களுக்கான வார இதழ் ஒன்றில் படக்கதையாகத் தோன்றியவன் என்பதைப் பெற்றோர் பலர் அறியார். மறுபுறம், 1990-களில் தூர்தர்ஷனில் இந்தி பேசிய மௌக்லியை நாடே கண்டு மகிழ்ந்தது. கிப்ளிங்கின் காட்டுக் கதையைத் தழுவிய அத்தொடர், 1989-இல் ஜப்பானில் ஒளிபரப்பானது. ஆகவே அனிமே நமக்கு முற்றிலும் அந்நியமன்று. பெயர் தெரியாமலே பழகியிருக்கிறோம்.

புதியவர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. “பாத்திரங்கள் அசைவதே இல்லை, வாய் மட்டுமே அசைகிறது” என்பார்கள். இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 படச்சட்டங்கள் ஓடுகின்றன. சட்டத்திற்கு ஒரு சித்திரம் வரைந்தால் அசைவு நீரோட்டம் போல் இருக்கும். செலவோ மலைபோல் குவியும். ஒசாமு தெசுகா என்பவர் மருத்துவப் பட்டம் பெற்றும் படக்கதை வரைவதையே வாழ்வாகக் கொண்டவர். அவர் 1963 ஜனவரி முதல் நாளன்று ‘அஸ்ட்ரோ பாய்’ என்னும் எந்திரச் சிறுவனின் கதையை வாரத்தொடராகத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தார். வாரந்தோறும் அரைமணி நேரச் சித்திரம் தர வேண்டும். கையிலுள்ள பொருளோ குறைவு. ஒரே சித்திரத்தை மூன்று சட்டங்களுக்கு நிறுத்தினார்கள். முகத்தை அசையாமல் வைத்து வாயை மட்டும் மாற்றினார்கள். ஒருமுறை வரைந்ததை மீண்டும் மீண்டும் பயன்படுத்தினார்கள். வறுமையில் பிறந்த அச்சிக்கனம் பின்வந்தவர் கையில் ஓர் அழகாகவே மாறியது. அசையாத ஒரு முகம், பின்னே காற்றில் ஆடும் புல், அடியில் மெல்லிய இசை: இவ்வளவிலேயே ஒரு துயரத்தை உணர்த்திவிடுகிறார்கள். இதனை முன்பே அறிந்தவருக்கு அந்த அமைதி குறையாகத் தோன்றாது.

இனி, நீளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதில்தான் மிகப் பலர் இடறுகிறார்கள். ஜப்பானியத் தொலைக்காட்சி ஆண்டை நான்கு பருவங்களாகப் பிரித்து நிகழ்ச்சிகளை அமைக்கிறது. ஒரு பருவத்திற்கு 12 அல்லது 13 வாரங்கள். ஆதலால் பல தொடர்கள் 12, 13 அல்லது 24, 26 பகுதிகளில் முடிகின்றன. ஒரு பகுதி ஏறத்தாழ 24 நிமிடம். பதின்மூன்று பகுதிகள் என்றால் ஐந்து மணி நேரத்திற்குச் சற்று மேல். இரண்டு நீண்ட திரைப்படம் பார்க்கும் நேரம் அது. ஆனால் எய்ச்சிரோ ஓடாவின் படக்கதையிலிருந்து எழுந்த ‘ஒன் பீஸ்’ என்னும் கடற்கொள்ளையர் கதை 1999-இல் தொடங்கி, 2021 நவம்பரில் ஆயிரமாவது பகுதியைத் தொட்டு, அதற்குப் பின்னும் வளர்ந்தது. ஆயிரம் பகுதிகள் என்றால் நானூறு மணி நேரம்! தேர்வுக்குப் படிக்கும் மாணவருக்கு இதனை முதற்பாடமாகக் கொடுப்பது அன்புள்ள செயலா என்று கேட்கிறேன். அன்றியும், இத்தகைய தொடர்கள் வார இதழில் வரும் படக்கதையைப் பின்தொடர்ந்து ஓடுகின்றன. தொடர் விரைந்து இதழை எட்டிவிட்டால், மூலத்தில் இல்லாத நிகழ்ச்சிகளைப் புகுத்திக் காலந்தாழ்த்துவார்கள். 220 பகுதிகள் கொண்ட முதல் ‘நருட்டோ’ தொடரின் பிற்பகுதி இவ்வாறே நெடுங்காலம் நடந்தது. ஏற்கெனவே அதில் ஈடுபட்டவர் பொறுத்துக்கொள்வார். புதியவர் ஏன் பொறுக்க வேண்டும்?

எனவே முதல் தொடர் குறுகியதாக இருக்கட்டும். முடிந்த கதையாகவும் இருக்கட்டும். ஒன்றையே பெயர் சொல்லக் கேட்டால், நான் 2018-இல் வெளிவந்த 13 பகுதித் தொடர் ஒன்றைச் சொல்வேன். ஆங்கிலத்தில் ‘எ பிளேஸ் ஃபர்தர் தேன் தி யூனிவர்ஸ்’ என்று வழங்கும் அதன் பெயரை ‘விண்ணினும் தொலைவான இடம்’ எனலாம். அட்சுகோ இஷிசுகா என்ற பெண்மணி இயக்கியது. படக்கதை எதனையும் தழுவாமல் தொலைக்காட்சிக்கென்றே எழுதப்பட்டமையால், முன்கதை தெரிந்திருக்க வேண்டிய தேவை இல்லை. கிமாரி என்னும் பள்ளி மாணவி, இளமையில் ஏதேனும் செய்ய வேண்டும் என்று எண்ணி எண்ணி, ஒவ்வொரு முறையும் கடைசி நேரத்தில் பின்வாங்குபவள். இரயில் நிலையத்தில் ஒருநாள் பத்து லட்சம் யென் கொண்ட உறை ஒன்று அவள் கையில் கிடைக்கிறது. அது ஷிராசே என்ற மாணவி சிறுகச் சிறுக உழைத்துச் சேர்த்த பணம். அவளுடைய தாய் தென் துருவத்திற்குச் சென்று மறைந்தவர். தானும் அங்கே போக வேண்டும் என்பது அவள் உறுதி. பள்ளியில் எல்லோரும் அவளை எள்ளி நகையாடுகிறார்கள். இவ்விருவரோடு மேலும் இரு பெண்கள் சேர, நால்வரும் புறப்படுகிறார்கள்.

இதை ஏன் முதலில் வைக்கிறேன்? அச்சம், கேலி, நட்பில் வரும் பிணக்கு, வீட்டை விட்டுச் செல்லும் முதல் பயணம் ஆகியவை எந்த ஊர் மாணவருக்கும் அறிந்தவை. அந்த அறிந்த கொம்பைப் பற்றிக்கொண்டு அறியாத இடத்திற்குப் போகலாம். அவ்விடமும் கற்பனையன்று. ஜப்பானியர் 1957-இல் தென் துருவத்தில் நிறுவிய ஷோவா நிலையமே கதைக்களம். ஷிராசே என்ற பெயரும் 1910 முதல் 1912 வரை முதல் ஜப்பானியத் தென் துருவப் பயணத்தை நடத்திய நொபு ஷிராசேயை நினைவூட்டுவது. தென்கடலில் நாற்பது பாகைக்கு அப்பால் ஓயாது வீசும் மேற்குக் காற்றில் கப்பல் உருள, நால்வரும் குமட்டலால் சுருண்டு கிடக்கும் காட்சி, நிலநூற் பாடம் பல செய்ய இயலாததைச் செய்துவிடுகிறது. பன்னிரண்டாம் பகுதியில் நிகழ்வதை நான் இங்கே சொல்லேன். அதை யாரிடமும் முன்னதாகக் கேட்டு அறியாதீர்கள்.

ஆயினும் எல்லோருக்கும் இதுவே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். கைப்பந்து ஆடுகின்ற இளைஞருக்கு 2014-இல் தொடங்கிய ‘ஹைக்யூ’ நல்ல வாயில். உயரம் குறைந்த ஒரு சிறுவன் வலைக்கு மேலே எழ முயலும் கதை. ஆட்டத்தின் விதி தெரிந்தவருக்கு ஜப்பானிய மொழி ஒரு தடையே அன்று. அறிவியலில் நாட்டமுள்ளவர் 2003-04-இல் வந்த ‘பிளானட்டிஸ்’ என்னும் 26 பகுதித் தொடரைப் பார்க்கலாம். கதை நிகழும் காலம் 2075. அதன் மாந்தர் விண்வெளிக் குப்பை அள்ளும் தொழிலாளர். ஒரு சிறு திருகாணி, பயணிகள் நிறைந்த விண்கலத்தை அழித்துவிடுவதில் கதை தொடங்குகிறது. சுற்றுப்பாதையில் நொடிக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் திருகாணி, துப்பாக்கிக் குண்டினும் கொடியதன்றோ? துப்பறியும் கதைப் பிரியருக்கு 37 பகுதிகள் கொண்ட ‘டெத் நோட்’ உண்டு. அதன் முற்பகுதியின் இறுக்கம் பிற்பகுதியில் தளர்ந்துவிடுகிறது என்பது என் கருத்து. பெருங்கதை வேண்டுவோர் ஹிரோமு அரகாவாவின் ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’ கதையை நாடலாம். அதற்கு இரண்டு தொடர்கள் உள்ளன. 2003-இல் முதல் தொடர் வந்தபோது மூலக்கதை முடியவில்லை. எனவே தொடரை எடுத்தவர்கள் தாமே ஒரு முடிவு அமைத்தார்கள். மூலத்தின் போக்கிலேயே முடிவு வரை செல்வது 2009-இல் தொடங்கிய 64 பகுதித் தொடர். புதியவர் இதனையே எடுக்க வேண்டும்.

வீட்டில் சிறுவர்களோடு அமர்ந்து பார்ப்பதானால் 1974-இல் வந்த ‘ஹைடி’யை மிஞ்ச ஒன்றில்லை. இசாவோ தகாஹதா இயக்க, பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற ஹயாவோ மியாசாகி காட்சிகளை அமைத்தார். முன்னாண்டே இருவரும் ஸ்விட்சர்லாந்துக்குச் சென்று மலையையும் குடிசையையும் நேரில் கண்டு வந்தவர்கள். 52 பகுதிகள் என்றாலும் நாளொன்றாகப் பார்க்கலாம்.

தள்ளிவைக்க வேண்டியவற்றுள் தலையாயது 1995-96-இல் வந்த ‘எவாஞ்சலியன்’. ஹிதேயகி அன்னோவின் பெரும் படைப்பு அது; அதனாலேயே பலர் அதை முதலில் பரிந்துரைத்துவிடுகிறார்கள். எழுபதுகள் முதல் ஜப்பானில் பெருகிய மாபெரும் எந்திர மனிதர் கதைகளுக்கு அது ஒரு மறுமொழி. வினாவை அறியாதவருக்கு மறுமொழி எவ்வாறு சுவைக்கும்? அதன் இறுதி இரண்டு பகுதிகளும் கதைத்தலைவனின் உள்ளத்துக்குள்ளேயே நிகழ்வன. பத்துத் தொடர்கள் பார்த்த பின் அதற்கு வாருங்கள். சிறுவர்களுக்கு அது வேண்டாம். ‘டெத் நோட்’டும் வேண்டாம். தம்பி தங்கையரின் கையில் கைப்பேசியைக் கொடுப்பவர்கள், வயது குறிப்பைப் பார்த்துவிட்டுக் கொடுக்க வேண்டும்.

மொழியைப் பற்றி ஒரு சொல். மூலக்குரலைக் கேட்டுக்கொண்டே திரையின் அடியில் ஓடும் எழுத்தைப் படிப்பதுதான் மேல் என்று வாதிடுவோர் உண்டு. குரல் நடிப்பு ஜப்பானில் தனியே பயிலும் கலையாதலால் அவ்வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் எழுத்தைத் துரத்திச் சித்திரத்தைக் காணாமற் போகிறவர், தமக்குத் தெரிந்த மொழியின் மாற்றுக்குரலிலேயே தொடங்கலாம். அதில் இழுக்கு ஒன்றுமில்லை. எதை எடுத்தாலும் மூன்று பகுதிகள் வரையேனும் பார்த்துவிட்டு, பிறகு தொடர்வதா விடுவதா என்று முடிவு செய்யுங்கள். வாரம் ஒன்றாக வெளிவந்த கதைகள் இவை, மெல்ல அவிழும். தென் துருவக் கதையில் ஏறத்தாழப் பாதித் தொடர் கடக்கும் வரை அந்நால்வரும் கப்பலேறுவதே இல்லை.