ஆட்டம் முடியுமுன் கை நீட்டுவது ஏன்?

2024 டிசம்பர் 12. சிங்கப்பூரில் உலகச் சதுரங்க சாம்பியன் போட்டியின் பதினான்காவது ஆட்டம். அதுவே கடைசி ஆட்டமும்கூட. சீனாவின் டிங் லிரென் தம் 55-ஆவது நகர்த்தலில் யானைக்கு யானை வெட்டிக்கொள்ள இடம் கொடுத்தார். சென்னையைச் சேர்ந்த 18 வயது குகேஷ் யானையை வெட்டினார். அடுத்து மந்திரிக்கு மந்திரியும் வெட்டுப்பட்டது. பலகையில் இரண்டு ராஜாக்களும் சில சிப்பாய்களும் மட்டுமே மிஞ்சின. குகேஷிடம் ஒரு சிப்பாய் அதிகம். 58-ஆவது நகர்த்தலோடு டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். உலகப் பட்டம் கைமாறியது.

இதில் ஒன்றைக் கவனித்தீர்களா? டிங்கின் ராஜாவுக்கு அப்போது ஒரு 'செக்' கூட இல்லை. பின் ஏன் விட்டுக்கொடுத்தார்?

யானையும் மந்திரியும் இருக்கும் வரை எதிராளியைக் குழப்ப ஏதாவது வழி பிறக்கலாம். ராஜாவும் சிப்பாயும் மட்டும் நின்றுவிட்டால், ஆட்டம் ஏறக்குறைய எண்ணிப் பார்க்கும் கணக்காகிவிடுகிறது. என் சிப்பாய் எட்டாவது வரிசைக்குப் போய் ராணியாக எத்தனை நகர்த்தல் வேண்டும், உன் ராஜா அதைத் தடுக்க வர எத்தனை வேண்டும் என்று இருவரும் விரல்விட்டு எண்ணிவிடலாம். மாடியிலிருந்து கைவிட்ட கல் எத்தனை விநாடியில் தரையைத் தொடும் என்று சொல்ல, அது விழும் சத்தம் கேட்கும் வரை நாம் காத்திருப்பதில்லை அல்லவா? டிங்கும் கணக்கைப் போட்டுப் பார்த்தார்; விடை தெரிந்தது; அதை எதிராளியும் அறிவார் என்பதும் தெரிந்தது.

இப்படி விட்டுக்கொடுப்பதற்கு ஒரு முறை உண்டு. சதுரங்க விதிப்படி, 'நான் விட்டுக்கொடுக்கிறேன்' என்று அறிவித்த கணமே ஆட்டம் முடிந்தது. கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் கை நீட்டுவார்கள். சிலர் தம் ராஜாவைப் பலகையில் சாய்த்து வைப்பார்கள். பேசாமல் கையை மட்டும் நீட்டினால், சமன் கேட்கிறீர்களோ என்று எதிராளி நினைக்கக்கூடும். ஆகவே வாயால் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. ஜப்பானியச் சதுரங்கமான ஷோகியில் தோற்பவர் தலை தாழ்த்தி, 'தோற்றுவிட்டேன்' என்று சொல்வார். யோசிக்க ஒன்றுமில்லாதபோதும் கடிகாரம் தீரட்டும் என்று முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும், சொல்லாமல் எழுந்து போவதும்தான் எங்கும் அநாகரிகம்.

சரி, எப்போது விட்டுக்கொடுப்பது? 'தோல்வி உறுதியானதும்' என்று சட்டென்று சொல்லிவிடுவீர்கள். இங்கேதான் சிக்கல் இருக்கிறது. நான்கு வட்டுகளை வரிசையாகச் சேர்க்கும் 'கனெக்ட் ஃபோர்' விளையாட்டில், முதலில் ஆடுபவர் பிழையின்றி ஆடினால் அவருக்கே வெற்றி என்று 1988-இல் கண்டுபிடித்தார்கள். அப்படியானால் இரண்டாவதாக ஆடுபவர் உட்காருவதற்கு முன்பே விட்டுக்கொடுக்க வேண்டுமே! யாரும் அப்படிச் செய்வதில்லை. சதுரங்கத்தில் இன்னும் வேடிக்கை. பலகையில் 7 காய்களே உள்ள எல்லா நிலைகளையும் 2012-இல் மாஸ்கோவில் கணினியால் அலசி முடித்தார்கள். அவற்றுள் ஒரு நிலையில், இரு தரப்பும் பிழையே செய்யாவிட்டால் வெற்றிக்கு 549 நகர்த்தல்கள் தேவை! அந்த நிலையில் எதிரே இருப்பவர் மனிதரானால், நீங்கள் எதற்காக விட்டுக்கொடுக்க வேண்டும்?

ஆக, பலகையை மட்டும் பார்த்தால் போதாது. எதிரே இருப்பவரையும் பார்க்க வேண்டும். 'இதை முடிக்க உங்களுக்குத் தெரியும் என்று நான் நம்புகிறேன்' என்பதே விட்டுக்கொடுப்பதன் பொருள். அதில் உள்ள மரியாதையும் அதுதான்.

அந்த நம்பிக்கை அளவுக்கு மீறியும் போகலாம். 1997 மே மாதம் நியூயார்க்கில் 'டீப் புளூ' கணினியுடன் ஆடிய காரி காஸ்பரோவ், இரண்டாவது ஆட்டத்தில் கணினியின் 45-ஆவது நகர்த்தலுக்குப் பின் விட்டுக்கொடுத்தார். ராணியைக் கொண்டு விடாமல் செக் வைத்துச் சமன் செய்ய ஒரு வழி இருந்தது என்று ஆட்டத்திற்குப் பிறகு எடுத்துக்காட்டினார்கள். அந்த வழி முற்றிலும் சரிதானா என்பதில் பிற்பாடு வாதம் எழுந்தது. ஆனால் காஸ்பரோவ் அதை ஆடிப் பார்க்கவே இல்லை. இத்தனை நன்றாக ஆடிய இயந்திரம் இப்படி ஓர் ஓட்டையை விட்டிருக்காது என்று எண்ணிவிட்டார் போலும்.

பள்ளிப் போட்டிகளில் ராணியை இழந்த பிறகும் ஆடிக்கொண்டிருக்கும் மாணவனைப் பெரியவர்கள் சிலர் கடிந்துகொள்வதைக் கண்டிருக்கிறேன். எனக்கு இதில் உடன்பாடில்லை. தனி ராஜாவை ராணியால் மடக்கத் தெரியாமல், செக்கும் இல்லாமல் நகர இடமும் இல்லாமல் அதை நிறுத்திவிட்டு, கையிலிருந்த வெற்றியைச் சமனாக்கிக்கொள்ளும் மாணவர்கள் ஏராளம். அவர்கள் முடிக்கக் கற்றுக்கொள்ளட்டும். நீங்களும் கடைசி வரை ஆடி அதைப் பாருங்கள்.

இயந்திரங்கள் எப்போது விட்டுக்கொடுக்கின்றன தெரியுமா? 2016 மார்ச் மாதம் சியோல் நகரில் 'ஆல்ஃபாகோ' என்ற கணினி நிரல், கோ விளையாட்டில் தென் கொரியாவின் லீ செடோலை முதல் மூன்று ஆட்டங்களில் வென்றது. நான்காவது ஆட்டத்தில் லீ வைத்த 78-ஆவது கல் அதைத் தடுமாற வைத்தது. தன் வெற்றிக்கான நிகழ்தகவு 20 சதவீதத்திற்குக் கீழே போய்விட்டதாக அதுவே மதிப்பிட்டால் விட்டுக்கொடுக்கும்படி அதை அமைத்திருந்தார்கள். அன்று அப்படியே நடந்தது. தோல்வியை ஒப்புக்கொள்ளும் வாசகம் திரையில் தோன்றியது.

இதற்கு அடுத்து வந்த 'ஆல்ஃபாகோ ஸீரோ' தன்னோடு தானே லட்சக்கணக்கான ஆட்டங்கள் ஆடிக் கற்றது. தோற்றுப்போன ஆட்டங்களை இழுத்துக்கொண்டே போனால் கணினி நேரம் வீண். ஆனால் வெல்லக்கூடிய ஆட்டத்தை அவசரப்பட்டு விட்டுவிட்டால்? அதை அளக்க ஓர் அழகான உபாயம் செய்தார்கள். 100-க்கு 10 ஆட்டங்களில் விட்டுக்கொடுப்பதற்கே தடை விதித்து, கடைசி வரை ஆட வைத்தார்கள். விட்டுக்கொடுத்திருக்கும், ஆனால் ஆடியிருந்தால் வென்றிருக்கும் என்ற வகை ஆட்டங்கள் 5 சதவீதத்திற்குள் இருக்குமாறு எல்லையைத் திருத்திக்கொண்டார்கள்.

இதை நீங்களும் செய்து பார்க்கலாம். நண்பருடன் 20 ஆட்டங்கள் ஆடுங்கள். 'இனி அவ்வளவுதான்' என்று தோன்றும் இடத்தில் நகர்த்தல் எண்ணை நோட்டில் குறித்துக்கொண்டு, அவரிடம் சொல்லாமல் தொடர்ந்து ஆடுங்கள். குறித்த பிறகும் வென்றவை எத்தனை, சமனானவை எத்தனை என்று எண்ணுங்கள். பிறகு வேறொரு நண்பருடன் இன்னொரு 20 ஆடி, இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.