வீட்டுப் பாதுகாப்புக்குத் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

விடியற்காலை மூன்று மணி. தாமானில் நாய்கள் விடாமல் குரைக்கின்றன. உங்கள் வீட்டு கேட் பக்கம் ஏதோ சத்தம். அந்த நேரத்தில் மனசுக்குள் ஒரு எண்ணம் வரலாம்: "கையில ஒரு துப்பாக்கி இருந்தா நல்லா இருக்குமே!"

மாசாயோ ஸ்கூடாயோ குளுவாங்கோ, தாமான் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கொள்ளைச் செய்தி வந்தால் போதும், இந்தப் பேச்சு கிளம்பிவிடும். யூடியூப்பைத் திறந்தால், வீட்டுக்குக் கைத்துப்பாக்கி நல்லதா, ஷாட்கன் நல்லதா, எந்தத் தோட்டா போட வேண்டும் என்று அமெரிக்கர்கள் மணிக்கணக்கில் விளக்குகிறார்கள். ஆனால் அதெல்லாம் அந்த நாட்டுச் சட்டத்துக்குப் பொருந்தும் பேச்சு. ஜொகூரில் உட்கார்ந்துகொண்டு அதைப் பின்பற்றினால் என்ன ஆகும்? விளக்கமாகப் பார்ப்போம்.

முதலில், யார் துப்பாக்கி வைத்திருக்கலாம்?

மலேசியாவில் துப்பாக்கி வைத்திருப்பது உரிமை அல்ல, போலீஸ் கொடுக்கும் அனுமதி. 1960-ஆம் ஆண்டு சுடும் ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்க முடியாது. ஒரே ஒரு தோட்டா இருந்தாலும் அது குற்றம்தான். 7 ஆண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

அனுமதி இல்லாத துப்பாக்கி பிடிபட்டால் விஷயம் இன்னும் பெரிதாகலாம். சுடும் ஆயுதங்களுக்குக் கூடுதல் தண்டனை விதிக்கும் 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 14 ஆண்டு வரை சிறையும், குறைந்தது 6 பிரம்படியும் காத்திருக்கின்றன. "தற்காப்புக்குத்தான் வச்சிருந்தேன்" என்று சொன்னால் லைசென்ஸ் இல்லாத குற்றம் மறைந்துவிடாது.

தற்காப்புக்கென்று லைசென்ஸ் கொடுப்பதே இல்லையா?

கொடுக்கிறார்கள், ஆனால் மிகச் சிலருக்கு மட்டும். உயிருக்கு உண்மையான மிரட்டல் இருப்பதைப் போலீசிடம் காட்ட வேண்டும். "எங்க தாமானில் திருட்டு அதிகம்" என்பது மட்டும் போதாது. லைசென்ஸ் கிடைத்தாலும், எந்தத் துப்பாக்கி, எவ்வளவு தோட்டா என்பது அதற்குள் அடங்கும். கடைக்குப் போய் பிடித்ததை எடுத்துவர இது கைப்பேசி இல்லை.

உள் ஜொகூரில் சிலரிடம் ஷாட்கன் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். செம்பனை, பழத்தோட்டங்களைக் காட்டுப்பன்றியிடமிருந்து காப்பதற்காகக் கொடுக்கப்பட்ட லைசென்ஸ் அது. எதற்காகக் கொடுத்தார்களோ, அதற்கு மட்டுமே அது செல்லும். லைசென்ஸ் ஆளுக்குத்தான், குடும்பத்துக்கு இல்லை. தாத்தா இறந்துவிட்டால் அவருடைய ஷாட்கன் தானாகப் பேரனுக்கு வந்துவிடாது. அலமாரியில் பூட்டி வைக்காமல், உடனே போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும்.

பொம்மைத் துப்பாக்கி பரவாயில்லையா?

"நிஜத் துப்பாக்கி இல்லன்னா, பயமுறுத்த ஒண்ணு வாங்கி வைக்கலாமே" என்று நினைப்பவர்களும் உண்டு. அதிலும் கவனம் தேவை. காற்றுத் துப்பாக்கியும் சட்டப்படி சுடும் ஆயுதம்தான். அசல் போலவே இருக்கும் போலித் துப்பாக்கியை வைத்திருந்தால், அதே 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 36-ஆம் பிரிவு பாயும். ஓராண்டு வரை சிறை, 5,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். இணையத்தில் சுலபமாகக் கிடைக்கிறது என்பதால் அது சட்டப்பூர்வமாகிவிடாது.

ஏன் இவ்வளவு கடுமை?

இதன் வேர் அவசரகாலத்தில் இருக்கிறது. கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான போர் 1948-இல் தொடங்கியபோது, அனுமதியின்றி ஆயுதம் வைத்திருந்தாலே மரண தண்டனை என்று விதி வந்தது. அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி, துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, 1949 மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அந்தத் தீர்ப்பு நியாயமா என்ற விவாதம் இன்றுவரை ஓயவில்லை. அவசரகாலம் 1960-இல் முடிந்தது. ஆனால் துப்பாக்கியைச் சந்தேகத்தோடு பார்க்கும் பார்வை, அடுத்து வந்த சட்டங்களிலும் தங்கிவிட்டது.

துப்பாக்கி இருந்தாலே பாதுகாப்பா?

ஜொகூர் மறக்காத ஓர் இரவு இதற்குப் பதில் சொல்கிறது. 2024 மே 17 அதிகாலையில், உலு திராம் போலீஸ் நிலையத்துக்கு ஓர் ஆடவர் பாராங்கோடு வந்தார். ஒரு காவலரை வெட்டி, அவருடைய ஆயுதத்தைப் பறித்து, இன்னொரு காவலரைச் சுட்டார். இருவரும் உயிரிழந்தனர். மூன்றாவது காவலர் காயமடைந்தார். தாக்கியவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பயிற்சி பெற்றவர்களுக்கே இந்த நிலை என்றால், தூக்கக் கலக்கத்தில் எழுந்து இருட்டில் நிற்கும் நம் கதி என்ன?

இன்னொன்றும் இருக்கிறது. நம்மில் பலர் வரிசை வீடுகளில் வாழ்கிறோம். கைத்துப்பாக்கித் தோட்டா மரக்கதவையும் கண்ணாடியையும் மெல்லிய தடுப்புச் சுவரையும் துளைத்துப் போகும். குறி தவறினால் அது போய் நிற்கும் இடம் பக்கத்து அறையில் தூங்கும் தம்பியாகவோ, எதிர்வீட்டு ஆண்ட்டியாகவோ இருக்கலாம்.

அப்படின்னா, திருடன் வந்தா சும்மா நிக்கணுமா?

இல்லை. இங்கேதான் பலருக்குத் தெரியாத விஷயம் இருக்கிறது. துப்பாக்கி விஷயத்தில் கைவிரிக்கும் சட்டம், தற்காப்பு உரிமையைத் தாராளமாகவே கொடுக்கிறது. தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் அதற்காகவே உள்ளன. உங்கள் உடலையும் சொத்தையும் மட்டுமல்ல, அடுத்தவருடையதையும் நீங்கள் காக்கலாம்.

உயிர் போகும், படுகாயம் ஏற்படும், பாலியல் வன்கொடுமை நடக்கும் என்ற நியாயமான அச்சம் இருந்தால், தாக்கியவர் இறந்துபோனாலும் அது குற்றமாகாது என்கிறது 100-ஆவது பிரிவு. கொள்ளை, இரவில் வீடு புகுதல் போன்றவற்றுக்கும் 103-ஆவது பிரிவு அதே உரிமையைத் தருகிறது.

ஆனால் 99-ஆவது பிரிவு ஒரு கோடு போடுகிறது. போலீசை அழைக்க நேரம் இருந்தால் அந்த உரிமை இல்லை. தேவைக்கு மேல் தாக்கவும் கூடாது. பட்டப்பகலில் கேஸ் தோம்பைத் தூக்கிக்கொண்டு ஓடுபவனைத் துரத்திப்போய் வெட்டினால் அது தற்காப்பு ஆகாது. பிடிபட்டுக் கட்டிப்போடப்பட்ட திருடனை நாலு பேர் சேர்ந்து அடித்தால் அதுவும் ஆகாது. அவன் இறந்துவிட்டால் அடித்தவர்கள் கொலைக் குற்றத்தைச் சந்திக்க வேண்டிவரும். தற்காப்புதான் என்று நீதிமன்றத்தில் காட்ட வேண்டிய பொறுப்பும் உங்களுடையதே.

காரில் பாராங் வைத்திருக்கிறீர்களா?

இளைஞர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். "ரோட்டுல ஏதாவது பிரச்சனைன்னா உதவும்" என்று சீட்டுக்கு அடியில் பாராங்கைச் செருகி வைப்பது, பயன்படுத்தாவிட்டாலும், ஆபத்து. தக்க காரணமின்றிப் பொது இடத்தில் அபாயகர ஆயுதம் வைத்திருந்தால், 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6-ஆவது பிரிவின் கீழ் 5 முதல் 10 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. படிப்பு, வேலை, குடும்பம் எல்லாம் ஒரே ரோட்பிளாக்கில் நின்றுவிடும்.

தினமும் சிங்கப்பூர் போய் வருபவர்களுக்குக் கூடுதல் எச்சரிக்கை: மிளகுத் தெளிப்பானும், துப்பாக்கி வடிவ சிகரெட் லைட்டரும்கூட அங்கே கொண்டுபோகத் தடை. உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியைத் தாண்டும் முன் பையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, என்ன செய்யலாம்?

• முதலில் நேரத்தைச் சம்பாதியுங்கள். கிரில், நல்ல பூட்டு, கேட் விளக்கு, அலாரம் எல்லாம் திருடனைத் தாமதப்படுத்தும்.
• சத்தம் கேட்டால் வெளியே போய்ப் பார்க்காதீர்கள். வீட்டில் இருப்பவர்களை ஒரே அறையில் சேர்த்துக் கதவைப் பூட்டி, 999-ஐ அழையுங்கள். முகவரியை முதலில் சொல்லுங்கள்.
• ருக்குன் தெத்தாங்கா குழுவிலும் அதன் ரோந்துப் பணியிலும் சேருங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் எண் கைப்பேசியில் இருக்கட்டும்.
• தீபாவளிக்கு ஊருக்குப் போகும் முன் அருகிலுள்ள போலீஸ் நிலையத்தில் தெரிவியுங்கள்.
• பழைய தோட்டாவோ குண்டோ கண்ணில் பட்டால் தொடாதீர்கள், படம் எடுக்கக் கையில் தூக்காதீர்கள். போலீசை அழையுங்கள்.

மீண்டும் அந்த மூன்று மணிக்கே போவோம். கேட் பக்கம் சத்தம். துப்பாக்கி இல்லை. ஆனால் பூட்டிய கிரில் இருக்கிறது, கையில் கைப்பேசி இருக்கிறது, விளக்கைப் போட்டு எட்டிப் பார்க்கும் அக்கம்பக்கம் இருக்கிறது. அதையும் மீறி ஒருவன் உள்ளே வந்துவிட்டால், உங்களைக் காத்துக்கொள்ளும் உரிமையைச் சட்டமே கொடுத்திருக்கிறது. அதன் எல்லையை இன்றே தெரிந்துகொள்ளுங்கள். அந்த நேரத்தில் யோசிக்க நேரம் இருக்காது.