பட்டா யார் பேரில், பணம் யார் கையில்?

2020 ஏப்ரல் மாசத்துல இருந்து ஆரம்பிக்கலாம். ஊரடங்கு. கோயில்ல பக்தர்களுக்கு அனுமதி இல்ல, கல்யாணங்கள் தள்ளிப்போச்சு. அந்த வருஷம் கள்ளழகர் வைகையில இறங்கவே இல்ல. உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் மல்லி போட்டவங்களுக்கு இது பேரிடி. பூ அதுபாட்டுக்குப் பூக்கும். பறிச்சா கூலி கொடுக்கணும், ஆனா வாங்க ஆள் இல்ல.

இந்த நேரத்துல விவசாயிகளுக்கு ஒன்றிய அரசு என்ன கொடுத்தது? 2020 மார்ச் 26 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 1.70 லட்சம் கோடி ரூபாய் நிவாரணத் தொகுப்பை அறிவிச்சாங்க. அதுல ஒண்ணு, சுமார் 8.7 கோடி விவசாயிகளுக்குத் தலா 2,000 ரூபாய்.

இதைப் புதுப் பணம்னு நினைச்சுக்காதீங்க. 2019-லயே தொடங்கின பிஎம் கிசான் திட்டத்துல வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூணு தவணையா வரும். ஏப்ரல் முதல் ஜூலைக்குள் வர வேண்டிய தவணையைத்தான் ஏப்ரல்லயே கொடுத்தாங்க. அவசரத்துக்கு அது உதவிச்சு, உண்மைதான். ஆனா யாருக்கு உதவிச்சு?

இந்தத் திட்டத்தைப் பொறுத்தவரை, நிலம் யார் பேரில் இருக்கோ அவர்தான் விவசாயி. மேலூர் பக்கம் ஒருத்தர் ரெண்டு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து நெல் போடுறார்னு வைங்க. விதை, உரம், கூலி எல்லாம் அவர் செலவு. பட்டா மட்டும் மதுரை டவுன்ல குடியிருக்கிற உரிமையாளர் பேர்ல. தவணை உரிமையாளர் கணக்குக்குத்தான் போகும். கோயில் நிலத்துல குத்தகைக்குப் பயிர் வைக்கிறவங்களுக்கும் அந்த நிலத்துக்காக எதுவும் வராது.

அதே வருஷம் இன்னொண்ணும் நடந்தது. விண்ணப்பதாரர்கள் தாங்களே ஆன்லைனில் பதிவு செய்யலாம்னு விதி தளர்ந்திருந்தது. வேளாண் துறையின் லாகின், பாஸ்வேர்டு வெளியாட்கள் கைக்குப் போச்சு. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உள்ளிட்ட 13 மாவட்டங்கள்ல தகுதியே இல்லாத பல லட்சம் பேர் பட்டியல்ல ஏறினாங்க. 110 கோடி ரூபாய்க்கு மேல் முறைகேடு நடந்ததா வேளாண் துறைச் செயலர் ககன்தீப் சிங் பேடி 2020 செப்டம்பரில் சொன்னார். சிபிசிஐடி விசாரணை வந்தது. பணத்தைத் திரும்ப வசூலிச்சாங்க.

ரெண்டையும் சேர்த்துப் பாருங்க. போலியா ஒருத்தர் உள்ளே நுழைய முடிஞ்சது. நிஜமா உழுதவர் வெளியில நின்னார்.

குத்தகைதாரரைக் கண்டுபிடிக்கவே முடியாதா? முடியும். குத்தகை உரிமையைப் பதிவு செய்யத் தமிழ்நாட்டுல 1969-லயே சட்டம் வந்தாச்சு. ஆனா பல குத்தகைகள் இன்னைக்கும் வாய்ப்பேச்சுதான். எழுதிக் கொடுத்தா நிலம் கைவிட்டுப் போயிடுமோன்னு உரிமையாளருக்குப் பயம். கேட்டா அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காதோன்னு குத்தகைதாரருக்குப் பயம். ஆனாலும் ஒடிசாவின் காலியா திட்டம் நிலமில்லாத விவசாயக் குடும்பங்களையும் சேர்த்துக்கிச்சு. ஆந்திராவில் குத்தகைதாரர்கள்ல ஒரு பகுதியினருக்கு மாநில அரசே உதவித்தொகை கொடுத்தது.

இதைக் கேட்கிற உங்கள்ல பலருக்கு ஊர்ல நிலம் இருக்கும், வேற யாரோ உழுவாங்க. அடுத்த தடவை வீட்டுக்குப் பேசும்போது கேளுங்க: அந்த 2,000 ரூபாய் யார் கணக்குக்கு வருது?