டெம்போவுக்குக் கெட்டி உயிர்!

திருவண்ணாமலையில் மலை சுற்றும் பாதையின் நீளம் 14 கிலோ மீட்டர். அந்தப் பாதையில் உள்ள ஊர் அடி அண்ணாமலை. பௌர்ணமி வந்தால் பாதை முழுவதும் மனிதத் தலைகள்தான்!

நடக்கிறவர்களுக்குச் சோறு வேண்டும், தண்ணீர் வேண்டும். அரிசி மூட்டை, அண்டா, பந்தல் கால் இவற்றை எல்லாம் முன்கூட்டியே கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அதற்குக் கைகொடுப்பது 'டெம்போ'.

ஜெர்மனிப் பெயர்

சின்னச் சரக்கு வண்டி எதைக் கண்டாலும் நாம் 'டெம்போ' என்கிறோம். இது ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்துக் கம்பெனி ஒன்று தன் வண்டிகளுக்கு வைத்த பெயர். 1958-ல் பஜாஜ் டெம்போ கம்பெனி தொடங்கியது. 1969-ல் 'மெட்டடார்' வேன் வந்தது. 2005-ல் கம்பெனி தன் பெயரை 'ஃபோர்ஸ் மோட்டார்ஸ்' என்று மாற்றிக்கொண்டது. மெட்டடார் உற்பத்தியும் நின்றுவிட்டது. ஆனால் டெம்போ என்ற பெயர் மக்கள் வாயில் நின்றுவிட்டது!

பொறி இல்லாமல் நெருப்பு

பழைய டீசல் வேன் சீக்கிரம் சாகாது. காரணம் என்ன?

பெட்ரோல் என்ஜினில் தீப்பொறி வைக்க 'பிளக்' வேண்டும். டீசல் என்ஜினுக்கு அது வேண்டாம். காற்றை ஏறக்குறைய 20-ல் ஒரு பங்காக அழுத்துகிறது. சைக்கிளுக்குக் காற்று அடித்தால் பம்பு சுடுகிறது அல்லவா? அதுபோல அழுத்திய காற்று 500 டிகிரிக்கு மேல் கொதிக்கிறது. அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். இந்த அழுத்தத்தைத் தாங்க என்ஜினைக் கனத்த இரும்பில் செய்தார்கள். அதுவே அதன் ஆயுள் பலம். ரிப்பேர் என்றால் ஸ்பானர் போதும், கம்ப்யூட்டர் தேவையில்லை.

முரண்டும் உண்டு!

மார்கழிக் குளிரில் உடனே கிளம்பாது. முதலில் 'ஹீட்டர்' போட்டு, சிறிது நேரம் காத்திருக்க வேண்டும்.

டாங்கி காலியாகும்வரை ஓட்டினால் ஆபத்து. குழாயில் காற்று புகுந்துவிடும். பிறகு டீசல் ஊற்றினாலும் ஓடாது. திருகைத் தளர்த்தி, கை பம்பை அழுத்தி, காற்றை வெளியேற்றிய பிறகே உயிர் வரும்.

பல பழைய வண்டிகளில் சாவியைத் திருப்பினாலும் என்ஜின் நிற்காது! டீசலை நிறுத்தும் பிடியை இழுக்க வேண்டும்.

மெட்டடாரில் இன்னொரு வேடிக்கை. அதை இழுப்பது முன் சக்கரம். பாரத்தை எல்லாம் பின்னால் ஏற்றினால், மேட்டில் முன் சக்கரம் வழுக்கும்.

புகை சொல்லும் சேதி

டாக்டர் நாக்கைப் பார்ப்பதுபோல, மெக்கானிக் புகையைப் பார்ப்பார்.

கறுப்புப் புகை: டீசல் அதிகம், அல்லது காற்று குறைவு. ஃபில்டரைப் பாருங்கள்.

நீலப் புகை: என்ஜின் ஆயில் எரிகிறது.

வெள்ளைப் புகை: காலைக் குளிரில் வந்து மறைந்தால் பயமில்லை. நிற்காமல் வந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கலாம்.

இதில்தான் பெரிய விஷயம் இருக்கிறது. டீசல் புகை புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-ல் அறிவித்தது. கிரிவலப் பாதையில் பக்தர்கள் வெறுங்காலோடு, மூச்சு வாங்க நடக்கிறார்கள். குழந்தைகளும் வருகிறார்கள். வண்டியின் புகை நேரே அவர்கள் மார்புக்குள் போகிறது. வண்டியின் பின்னால் நின்று மூட்டை இறக்கும் கூலியாளுக்கும் அதே கதிதான்.

அதற்காகப் பழைய வண்டியை உடனே தூக்கி எறி என்றால், அதை நம்பி அடுப்பு எரியும் வீடு என்ன செய்யும்? புது வண்டி வாங்கப் பல லட்சம் வேண்டுமே!

வாடகை வண்டிக்கு 8 வயதுக்கு மேல் ஆண்டுதோறும் எஃப்.சி. உண்டு. அதை வெறும் சடங்காக நினைக்கக் கூடாது. ஃபில்டரைத் துப்புரவாக வையுங்கள். வேளை தவறாமல் ஆயில் மாற்றுங்கள். நாசிலைச் சோதியுங்கள். மூட்டை இறக்கும்போது என்ஜினை நிறுத்துங்கள். டீசலும் மிச்சம், புகையும் குறைவு.

எவ்வளவு செய்தும் கறும்புகை நிற்கவில்லையா? அந்த வண்டி உழைத்தது போதும். ஓய்வு கொடுத்துவிடுங்கள்!