விளக்கடியில் வளரும் நாற்று: பக்கத்தில் வையுங்கள், இரவில் அணையுங்கள்

கூலாய் வட்டாரத்தில் தோட்டங்கள் பல தாமான்களாகிவிட்டன. லயத்து வீட்டுப் பின்புறம் காய்த்த கத்திரியும் மிளகாயும் இன்று அடுக்குமாடி வீட்டுச் சமையலறை மூலையில் தயிர் டப்பாவில் முளைக்கின்றன. சிலர் கையில் இருப்பவை கடை விதைகள் அல்ல. அம்மாவோ பாட்டியோ தோட்டத்தில் பறித்துக் காயவைத்து, காகிதத்தில் மடித்துக் கொடுத்த பத்துப் பதினைந்து விதைகள். அவை நாற்றிலேயே மடிந்தால் மறுபடி வாங்க இடமில்லை.

பால்கனியில் அரை நாள் வெயில் விழும் வீட்டுக்கு விளக்கு தேவையில்லை. வெயிலே எட்டாத வீட்டிலும், ஆண்டு இறுதி மழைக்காலத்திலும்தான் எல்இடி விளக்கு உதவும். விளக்கு போட்டும் நாற்று நெட்டையாகிச் சாய்கிறது என்றால், முதலில் பார்க்க வேண்டியது விளக்கின் விலையை அல்ல, அது தொங்கும் உயரத்தை.

முளைப்பாரி சொல்லும் பாடம்

அம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி போடுபவர்கள் அதை வேண்டுமென்றே இருட்டறையில் வைப்பார்கள். வெளிச்சத்தைத் தேடி முளை உயர்ந்துகொண்டே போகும். தண்டு மெலிந்து, நிறம் வெளிர் மஞ்சளாகும். முளைப்பாரிக்கு அது அழகு, மிளகாய் நாற்றுக்கு ஆபத்து.

அறை நமக்கு வெளிச்சமாகத் தெரிவதால் ஏமாந்துவிடுகிறோம். வெட்டவெளியில் நண்பகல் வெயில் சுமார் 100,000 லக்ஸ். இரவில் விளக்கெரியும் வரவேற்பறையில் இருப்பதோ சில நூறு லக்ஸ்தான். கூரையில் எரியும் விளக்கு நாற்றுக்குக் கிட்டத்தட்ட இருட்டு.

எந்த விளக்கு, எவ்வளவு உயரம்?

ஊதா நிற விளக்குதான் வேண்டும் என்பதில்லை. வெள்ளை எல்இடியின் உள்ளே இருப்பதும் நீல எல்இடிதான். அதைக் கண்டுபிடித்த மூவருக்கு 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. தண்டு குட்டையாக, உறுதியாக வளர நீல ஒளி உதவும். ஆகவே கடையில் கிடைக்கும் 6500 கெல்வின் ‘டேலைட்’ டியூப் நாற்றுக்குப் போதும்.

டியூப் என்றால் இலை நுனியிலிருந்து 10 முதல் 15 செ.மீ. உயரத்தில் தொங்கவிடுங்கள். வலுவான ‘குரோ லைட்’ பலகைக்கு 30 செ.மீ. அல்லது பெட்டியில் குறிப்பிட்ட உயரம். இலை மட்டத்தில் புறங்கையை ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். சூடு தெரிந்தால் விளக்கை உயர்த்துங்கள். சங்கிலியில் தொங்கவிட்டால் நாற்று வளர வளர உயர்த்துவது சுலபம். மண்ணைப் பிளந்து முளை தலைகாட்டும் அன்றே விளக்கைப் போட வேண்டும். இரண்டு நாள் தாமதித்தாலே தண்டு நீண்டுவிடும்.

வெளியே நமக்கு ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 12 மணி நேரப் பகல். விளக்கு வெயிலைவிடப் பலவீனமானது என்பதால் 14 முதல் 16 மணி நேரம் எரியட்டும். ஆனால் இரவில் அணைத்தே ஆக வேண்டும். விடாமல் எரியும் விளக்கில் தக்காளி இலை மஞ்சளாகும். 20 வாட் டியூப் நாளுக்கு 14 மணி நேரம் எரிந்தால் 30 நாளில் 8.4 யூனிட் மின்சாரம்தான்.

தண்ணீர், காற்று, கொசு

நேற்றுவரை நன்றாக இருந்த நாற்று காலையில் அடித்தண்டு கருகிச் சாய்ந்து கிடந்தால் அது நாற்றழுகல். ஈர மண்ணும் அசையாத காற்றும் சேர்ந்தால் பூஞ்சை பிடிக்கும். விழுந்த நாற்று பிழைக்காது. அதை உடனே அகற்றுங்கள். பழைய மண்ணை மறுபடி பயன்படுத்தாதீர்கள். மேல்மண் காய்ந்த பிறகு, அடித்தட்டில் நீர் ஊற்றி அரை மணி நேரம் உறிஞ்சவிட்டு, மீதியைக் கொட்டிவிடுங்கள். தட்டில் தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு ஒரு வாரம், பத்து நாளில் பெருகிவிடும். நாற்றைக் காப்பாற்றப் போய் வீட்டுக்கு டிங்கியை வரவழைக்கக் கூடாது.

மேசை விசிறியைக் குறைந்த வேகத்தில் சில மணி நேரம் ஓடவிடுங்கள். அசைந்து வளரும் தண்டு தடிக்கும். தேங்காய் நார்த்தூளில் சத்து மிகக் குறைவு. வித்திலைக்குப் பிறகு உண்மையான இலை வந்ததும், சொன்ன அளவில் கால் பங்கு உரம் கரைத்து வாரம் ஒருமுறை கொடுங்கள்.

பிளக்கும் நீட்டிப்புக் கம்பியும் சிரிம் முத்திரை உள்ளவையாக, தட்டைவிட உயரத்தில் இருக்கட்டும். ஈரக்கையால் தொடாதீர்கள். நீர் ஊற்றும்போது சுவிட்சை அணையுங்கள்.

வெயிலுக்குப் பழக்குங்கள்

செம்பனை நர்சரியில் வேலை செய்தவர்களுக்கு இது தெரியும். இளங்கன்று முதல் மூன்று மாதம் நிழலில் இருக்கும். பிறகு நிழலைப் படிப்படியாகக் குறைத்துத்தான் பெரிய பைக்கு மாற்றுவார்கள். வீட்டு நாற்றுக்கும் அதே முறைதான். நான்கைந்து இலை வந்ததும் முதல் நாள் ஒரு மணி நேரம் காலை வெயில் காட்டுங்கள். பிறகு தினமும் ஒரு மணி நேரம் கூட்டி, ஏழு முதல் பத்து நாள் பழக்குங்கள். நண்பகல் வெயிலும் மாலை மழையும் கடைசி நாள்களில் பட்டால் போதும். நேராக வெயிலில் வைத்தால் இலை வெளுத்துக் கருகும்.

பத்து விதை இருந்தால் ஐந்தை மட்டும் போடுங்கள். மீதியை நன்கு காயவைத்து, இறுக மூடிய போத்தலில் குளிர்பெட்டியில் வையுங்கள். முதல் காய்ப்பில் நல்ல பழம் ஒன்றைச் செடியிலேயே முற்றவிட்டு விதை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு விதைப்பதற்கும் இருக்கும், கேட்கும் பக்கத்து வீட்டாருக்குக் கொடுப்பதற்கும் இருக்கும்.